கரித்தூள் என் மரபணுவை மாற்றிவிட்டதா, டாக்டர்?

கோவை மாவட்டத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பெயரும் கம்பெனியும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இரண்டையும் விட்டுவிட்டேன். நான்கு பக்கக் கடிதத்தின் சுருக்கம் இது:

"எனக்கு வயது 33. மாஸ்டர்பேட்ச் கம்பெனியில் மிக்ஸிங் பிரிவில் மூன்று வருடமாக வேலை. மின்சாரம் கடத்தும் கறுப்பு பிளாஸ்டிக் மணிகள் தயாரிக்கிறோம். அதற்குக் கார்பன் நானோகுழாய்த் தூள் சேர்ப்போம், சி.என்.டி. பவுடர் என்று சொல்லுவோம். பையைப் பிரித்து, எடை போட்டு, ஹாப்பரில் கொட்டுவது என் வேலை. ஷிப்டு முடிந்ததும் தரையைத் துடைப்பத்தால் கூட்டுவோம், சட்டையில் ஒட்டியதை ஏர் கன்னால் அடித்துவிட்டுக் கிளம்புவோம். சர்ஜிகல் மாஸ்க் தருகிறார்கள். நானோ எந்த மாஸ்க்கையும் தாண்டிவிடும் என்று கூட வேலை செய்பவர் அதையும் போடுவதில்லை. இரண்டு மாதமாகக் காலையில் இருமல். மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வருகிறது. எக்ஸ்ரே நார்மல். 'கரிதானப்பா, அடுப்புக்கரி மாதிரி' என்கிறார் மேனேஜர். நானோ துகள் நுரையீரலில் மரபணுக்களை மாற்றும் என்று மொபைலில் படித்ததிலிருந்து தூக்கம் போய்விட்டது. மனைவி ஐந்து மாதம் முழுகாமல் இருக்கிறாள். குழந்தைக்கும் இது போகுமா? ஒரு லேபில் 15,000 ரூபாய்க்கு மரபணுப் பரிசோதனை செய்கிறார்கள், எடுக்கட்டுமா? வேலையை விட்டுவிடலாமா? வீட்டுக் கடன் இருக்கிறது. தினம் ஐந்தாறு சிகரெட் பிடிப்பேன், எட்டு வருடப் பழக்கம்."

தம்பி, குழந்தை விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். உங்கள் நுரையீரல் செல்களில் எந்த மாற்றம் வந்திருந்தாலும் அது குழந்தைக்குப் போகாது. குழந்தைக்கு உங்கள் பங்கு ஒரே ஒரு விந்தணு, அதைக் கொடுத்து ஐந்து மாதம் ஆகிறது. நுரையீரல் செல்லில் வருகிற மாற்றம் அந்தச் செல்லோடும், அது பிரிந்து உண்டாகும் செல்களோடும் நின்றுவிடும். இந்தக் கவலையை இன்றே இறக்கி வையுங்கள். ஆனால் உங்கள் வீட்டுக்குள் இந்தத் தூள் வேறொரு வழியில் வருகிறது. கடிதத்தில் போகிற போக்கில் "சட்டையை மனைவிதான் துவைக்கிறாள்" என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அந்த வழி. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மரபணு மாறுவது வேறு, அதன் வேலை மாறுவது வேறு

நீங்கள் படித்த கட்டுரை இந்த இரண்டையும் குழப்பியிருக்க வேண்டும். உங்கள் ஷாப் ஃப்ளோரை வைத்தே சொல்கிறேன். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஏறத்தாழ 20,000 மரபணுக்கள் இருக்கின்றன. அவற்றை 20,000 மிஷின்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லா செல்லிலும் எல்லா மிஷினும் ஓடாது. நுரையீரல் செல்லில் ஒரு செட் ஓடும், ஈரல் செல்லில் இன்னொரு செட். எது ஓடுகிறது, எது நிற்கிறது என்பதைத்தான் மரபணுச் செயல்பாடு என்கிறோம்.

இப்போது தூள் உள்ளே போகிறது. மூச்சுப்பையின் கடைசி அறைகளில் காவல் காக்கும் விழுங்கு செல்கள் அதைப் பிடித்து விழுங்கப் பார்க்கின்றன. உடனே என்.எஃப்-கப்பா-பி என்ற புரதம் சூப்பர்வைசர் மாதிரி ஓடிப்போய் இன்டர்லூகின்-8, டி.என்.எஃப்-ஆல்ஃபா போன்ற மிஷின்களைப் போட்டுவிடுகிறது. ரத்தத்திலிருந்து வெள்ளையணுக்களைக் கூப்பிடும் சைரன் அவை. என்.ஆர்.எஃப்-2 என்ற இன்னொரு புரதம், ஆக்சிஜன் கழிவுகளால் செல் கருகாமல் காக்கும் மிஷின்களை ஓட்டுகிறது. அது தீயணைப்புக் குழு. சளி பிடித்தாலும், கொசுவர்த்திப் புகையில் உட்கார்ந்தாலும் இதேதான் நடக்கும். நுரையீரல் உயிரோடு இருக்கிறது, தன் வேலையைச் செய்கிறது என்பதற்கு இது அடையாளம்.

தூள் போய்விட்டால் சைரன் நிற்கும். போகாமல் தங்கினால்? அல்லது தினமும் புதிதாக வந்துகொண்டே இருந்தால்? அங்கேதான் சிக்கல். டி.ஜி.எஃப்-பீட்டா என்ற மரபணுவின் வேலை காயத்தைப் பூசி அடைப்பது, கொத்தனார் மாதிரி. மாதக்கணக்கில் அது நிற்காமல் ஓடினால் பூச்சு தடித்துத் தழும்பாகிவிடும். மென்மையாக விரிந்து சுருங்க வேண்டிய நுரையீரல் விறைத்துப்போகும். எலிகளில் கார்பன் நானோகுழாய் இப்படித் தழும்பு உண்டாக்குவதைப் பல ஆய்வுக்கூடங்கள் பார்த்திருக்கின்றன.

கட்டுரையில் 'மெத்திலேற்றம்' என்ற சொல்லைப் பார்த்திருப்பீர்கள். ரிப்பேர் பார்க்கும்போது மிஷினில் 'ஓட்டாதே' என்று டேக் மாட்டுவீர்களே, அதுதான். மிஷினில் ஒரு போல்ட்டும் மாறவில்லை. டேக் தொங்குவதால் ஓடாது, அவ்வளவே. டேக்கைக் கழற்றவும் முடியும். இதற்கு மனிதர்களிடம் நன்றாகத் தெரிந்த உதாரணம் சிகரெட். புகைப்பவர்களின் ரத்தத்தில் ஏ.எச்.ஆர்.ஆர். என்ற மரபணுவில் இந்த டேக்குகள் குறைந்துபோகின்றன. புகைப்பதை விட்டவர்களிடம் வருடங்கள் ஆக ஆக மெல்ல மெல்லப் பழைய நிலையை நோக்கித் திரும்புகின்றன. இன்னொரு பக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பல் சக்கரத்தின் பல்லே உடைவது போல மரபணுவின் எழுத்தே கெடுவதும் உண்டு. ஆய்வுக்கூடச் செல்களில் சில வகை நானோகுழாய்கள் அதையும் செய்திருக்கின்றன.

மனிதர்களிடம் என்ன தெரியும்? நானோகுழாயோடு வேலை செய்பவர்களின் டி.என்.ஏ.வைப் பார்த்த ஒரு ஆய்வு 2017-ல் வந்தது. மொத்த மெத்திலேற்றத்தில் வேறுபாடு இல்லை. குறிப்பிட்ட சில மரபணுக்களில் சின்ன மாற்றங்கள் இருந்தன. அதற்கு முந்தைய வருடம் ரஷ்யத் தொழிலாளர்களிடம் செய்த ஆய்வில், அழற்சியையும் தழும்பையும் காட்டும் சில புரதங்கள் கூடியிருந்தன. இரண்டுமே சிறிய ஆய்வுகள். இவர்களுக்கு நோய் வந்துவிட்டது என்று இரண்டும் சொல்லவில்லை. "உடம்பு இதைக் கவனிக்கிறது, நீங்களும் கவனியுங்கள்" என்கிற அளவில் எடுத்துக்கொள்ளலாம்.

அந்த 15,000 ரூபாய்ப் பரிசோதனை வேண்டாம். அது நீங்கள் பிறக்கும்போதே கொண்டுவந்த மிஷின் பட்டியலை வாசிக்கும். இன்று உங்கள் நுரையீரலில் எது ஓடுகிறது என்பதை எச்சிலிலிருந்து சொல்ல அதனால் முடியாது. ரத்தத்தில் செயல்பாட்டையே அளந்தாலும், 'இந்த அளவு வந்தால் ஆபத்து' என்று எந்த டாக்டரும் கோடு போட முடியாத நிலைதான் இன்று.

'கரிதானப்பா' என்ற மேனேஜருக்கு

அவர் சொல்வது பாதி உண்மை. விளக்குக் கரியும் டீசல் புகையும் நானோ அளவுத் துகள்கள்தான், நம் பாட்டிமார் கண்மை எடுத்த கற்பூரக் கரி உட்பட. ஆனால் கரி என்பதாலேயே சாது என்று அர்த்தமில்லை. டீசல் புகையை 2012-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 'புற்றுநோய் உண்டாக்கும்' என்ற முதல் வகையில் சேர்த்தது. நம்மூர் பட்டறைகளில் தினமும் எழும் வெல்டிங் புகையும் 2017-ல் அதே வகைக்கு வந்துவிட்டது.

நானோகுழாயில் கூடுதலாக வடிவம் என்று ஒரு பிரச்சினை உண்டு. தலைமுடியின் தடிமன் சுமார் 80,000 நானோமீட்டர். உங்கள் குழாயின் தடிமன் அனேகமாகப் பத்திலிருந்து சில பத்து நானோமீட்டருக்குள் இருக்கும், நீளம் மட்டும் பல மடங்கு அதிகம். குட்டையாக, நூல்கண்டு மாதிரிச் சுருண்டு கிடந்தால் விழுங்கு செல் எப்படியோ விழுங்கிவிடும். ஊசி மாதிரி விறைப்பாக, 15–20 மைக்ரோமீட்டருக்கு (ஒரு மைக்ரோமீட்டர் என்பது 1,000 நானோமீட்டர்) மேல் நீண்டிருந்தால் செல்லின் வாய்க்கு அடங்காது. பாதி விழுங்கிய நிலையில் அது தன் அமிலங்களைச் சுற்றிலும் கக்கிக்கொண்டே இருக்கும். ஆஸ்பெஸ்டாஸ் செய்ததும் இதைத்தான். 2008-ல் எடின்பரோ ஆய்வாளர்கள் நீளமான நானோகுழாய்களைச் சுண்டெலிகளின் வயிற்றறைக்குள் செலுத்தியபோது ஆஸ்பெஸ்டாஸ் போன்ற அழற்சியே வந்தது. சுருண்ட குட்டை வகையில் அப்படி வரவில்லை.

ஆகவே எல்லா சி.என்.டி.யும் ஒன்றல்ல. 2014-ல் கூடிய அதே புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பின் நிபுணர் குழு, எம்.டபிள்யூ.சி.என்.டி-7 என்ற விறைத்த ஜப்பானிய வகையை மட்டும் 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற 2பி பிரிவில் வைத்தது. மற்றவற்றுக்குச் சான்று போதாது என்று 3-ம் பிரிவில் விட்டது. போதாது என்றால் ஆபத்தில்லை என்று பொருளல்ல. பின்னால் ஜப்பானில் அந்த வகையை எலிகள் இரண்டு வருடம் மூச்சில் இழுத்தன. கன மீட்டருக்கு 0.2 மில்லிகிராமிலும் 2 மில்லிகிராமிலும் நுரையீரல் கட்டிகள் கூடின, 0.02 மில்லிகிராமில் புற்று கூடவில்லை. மூச்சில் போகிற அளவுதான் கதையைத் தீர்மானிக்கிறது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 2013-ல் நானோகுழாய்க்குப் பரிந்துரைத்த வரம்பு, கன மீட்டர் காற்றில் 1 மைக்ரோகிராம். சாதாரண கார்பன் பிளாக்குக்கு அந்த நாட்டுச் சட்ட வரம்பு 3.5 மில்லிகிராம், அதாவது 3,500 மடங்கு. ஒரு ஷிப்டில் நீங்கள் இழுக்கும் காற்று சுமார் 10 கன மீட்டர். எனவே வரம்புப்படி நாள் முழுக்கச் சேர்த்து 10 மைக்ரோகிராம்தான் உள்ளே போகலாம். சமையலறைத் தூள் உப்பின் ஒரு மணியே அதைவிடக் கனம். மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும் இடத்தில் இந்த வரம்பு காப்பாற்றப்படுகிறது என்று நம்ப எனக்கு மனசு வரவில்லை. இந்தியாவில் நானோகுழாய்க்கென்று தனி எண் கிடையாது. அதனால் கம்பெனி 'சட்டப்படி எல்லாம் சரி' என்று சொல்லவும் இடம் இருக்கிறது.

எங்கே இறங்குகிறது தூள்

நல்ல செய்தி ஒன்று. பிளாஸ்டிக்கோடு உருகிக் கலந்து மணியாகிவிட்டால் குழாய்கள் பெரும்பாலும் அதற்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். உருக்கிப் பிதுக்கும் எக்ஸ்ட்ரூடர் மிஷினுக்குப் பிறகு அபாயம் மிகக் குறைவு, மணியை அரைத்தால் தவிர. எட்டு மணி நேர ஷிப்டில் உங்களைப் பாதிப்பது அனேகமாகச் சில நிமிட வேலைகள்தான்: பை பிரிப்பது, எடை போடுவது, கொட்டுவது, காலிப் பையை மடிப்பது, கூட்டுவது, ஏர் கன்.

எடை போடுவதில் என்ன இருக்கிறது என்று நினைக்காதீர்கள். மருத்துவ இதழில் பதிவான ஒரு நிகழ்வு: 26 வயது வேதியியலாளரான பெண் ஒருவர், காற்றை உறிஞ்சும் பெட்டிக்குள் வைக்காமல் மேஜையிலேயே சில கிராம் நிக்கல் நானோ தூளை எடை போட்டு வந்தார். தொண்டை எரிச்சல், மூக்கடைப்பு என்று ஆரம்பித்தது. அப்புறம் அதுவரை ஒன்றும் செய்யாத கம்மலும் பெல்ட் பக்கிளும் பட்ட இடமெல்லாம் தடித்தது. நிக்கலும் கார்பனும் வேறுதான், ஆனால் சில கிராம் தூள் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குச் சொன்னேன்.

ஏர் கன்னையும் துடைப்பத்தையும் நாளையிலிருந்தே நிறுத்துங்கள். படிந்து சும்மா கிடக்கும் தூளை எழுப்பி மூக்குக்கே அனுப்புகிற வேலை அது. அதற்குப் பதில் ஈரத்துணியால் துடைக்கலாம். ஹெப்பா என்ற நுண்தூசி ஃபில்டர் வைத்த வாக்குவம் கிடைத்தால் இன்னும் நல்லது. பை பிரிக்கும் இடத்தில் தூளை உறிஞ்சும் ஹூட் வேண்டும். சுவரில் மாட்டிய எக்ஸாஸ்ட் ஃபேன் அதற்கு ஈடாகாது. தூளை உங்கள் முகத்தைத் தாண்டி இழுத்துக்கொண்டு போவதுதான் அதன் வேலையாக இருக்கும்.

மாஸ்க் விஷயத்தில் உங்கள் நண்பர் சொன்னது தவறு. ஃபில்டர் என்பது சல்லடை இல்லை. மிகச் சிறிய துகள்கள் காற்றில் நேராகப் போகாமல் தள்ளாடித் தள்ளாடிப் போவதால் இழைகளில் மோதி ஒட்டிக்கொள்ளும். மின்னேற்றிய இழைகள் அவற்றை இழுத்தும் பிடிக்கும். அதனால் முகத்தில் சரியாகப் பொருந்திய என்-95, அல்லது நம் ஐ.எஸ். 9473 முத்திரையுள்ள எஃப்.எஃப்.பி-2, நானோ துகளையும் பெருமளவு நிறுத்தும். சர்ஜிகல் மாஸ்க்கில் கன்னத்தோர இடைவெளி வழியாகவே நிறைய உள்ளே போய்விடும். தாடி இருந்தால் என்-95-ம் அப்படித்தான் ஆகும். ஆனாலும் மாஸ்க் கடைசி வேலிதான். அதைக் கையில் கொடுத்துவிட்டு ஹூட் வேண்டாம் என்று கம்பெனி சொல்ல முடியாது.

இனி அந்தச் சட்டை. வேலைத் துணி வேலை இடத்திலேயே இருக்கட்டும், துவைப்பதும் கம்பெனி பொறுப்பாக இருக்கட்டும். அது அமையும் வரை அங்கேயே துணியை மாற்றி, முகம் கை கழுவி, அழுக்குத் துணியை உதறாமல் பிளாஸ்டிக் பையில் கட்டி எடுத்துவந்து, நீங்களே தண்ணீரில் முக்கித் தனியாகத் துவையுங்கள். கர்ப்பிணி அதைத் தொட வேண்டாம்.

உங்கள் இருமல்

எக்ஸ்ரே நார்மல் என்பது நல்லதுதான், ஆனால் ஆரம்ப மாற்றங்கள் எக்ஸ்ரேயில் தெரியாது. அதைவிட முக்கியம், நம் நாட்டில் இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் முதலில் சளிப் பரிசோதனை செய்து காசநோய் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். அரசு மருத்துவமனையில் இலவசம். நானோவைப் பற்றியே யோசித்து இதை விட்டுவிடுகிறவர்களும் உண்டு.

அடுத்து ஸ்பைரோமெட்ரி என்ற ஊதும் சோதனை. வசதி இருந்தால் டி.எல்.சி.ஓ.வும் எடுங்கள், மூச்சுப்பையிலிருந்து ரத்தத்துக்கு வாயு எவ்வளவு நன்றாகக் கடக்கிறது என்று அது காட்டும். ஒருமுறை எடுத்த எண்ணைவிட, ஒவ்வொரு வருடமும் எடுத்து ஒப்பிடுவதில்தான் பலன். சி.டி. ஸ்கேனை நீங்களாகப் போய் எடுக்காதீர்கள். இந்த முடிவுகளைப் பார்த்து டாக்டர் சொல்லட்டும்.

சிகரெட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் விட மாட்டேன். காலை இருமலுக்கு அதுவே போதுமான காரணம். அதன் புகையும் நானோ துகள்தான், அதுவும் உங்கள் மரபணு மிஷின்களைத் தட்டிக்கொண்டே இருக்கிறது. போதாததற்குக் காற்றுக்குழாயின் நுண்மயிர்களை முடக்கிவிடுவதால், உள்ளே போன கரி வெளியே வருவதும் தாமதமாகும். உங்கள் மொத்தக் கடிதத்திலும் யார் அனுமதியும் கேட்காமல் நீங்கள் நிறுத்தக்கூடியது இது ஒன்றுதான்.

வேலையை விடுவதா

இப்போதே வேண்டாம். கடன், கர்ப்பம் எல்லாம் இருக்கும்போது பயத்தில் எடுக்கும் முடிவு இது. முதலில் மிக்ஸிங்கிலிருந்து எக்ஸ்ட்ரூடருக்கோ பேக்கிங்குக்கோ மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். ஸ்பைரோமெட்ரி குறைவாக வந்தாலோ, படியேறும்போது மூச்சு வாங்க ஆரம்பித்தாலோ, இரண்டு மூன்று மாதம் கேட்டும் ஏர் கன்னும் துடைப்பமும் அப்படியே இருந்தாலோ, அப்போது வேறு இடம் தேடுவதுதான் சரி. உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.

நான் வழக்கறிஞர் இல்லை. ஆனாலும் வேலையில் கையாளும் பொருளின் ஆபத்தைத் தெரிந்துகொள்ளும் உரிமை பழைய தொழிற்சாலைகள் சட்டத்திலேயே 111ஏ பிரிவில் இருந்தது. 2020-ன் தொழில் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பும் அதைச் சொல்கிறது. தனியாகப் போய்க் கேட்டால் உங்கள் மேல் கண் விழும் என்று பயமாக இருந்தால், மிக்ஸிங்கில் இருக்கும் எல்லோரும் கையெழுத்துப் போட்டு எழுத்தில் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் அசையவில்லை என்றால் மாநிலத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் இருக்கிறது. ஈ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் அந்த மருத்துவமனையில் காட்டும்போது "கார்பன் நானோகுழாய்த் தூளில் மூன்று வருட வேலை" என்று சீட்டில் எழுதச் சொல்லுங்கள். பிற்காலத்தில் ஏதாவது வந்தால் அந்த ஒரு வரிதான் பேசும்.

கடைசியாக ஒரு வேலை. பவுடரோடு வரும் எஸ்.டி.எஸ். என்ற பாதுகாப்புத் தகவல் தாளை ஸ்டோரிலோ சேஃப்டி ஆபீசரிடமோ கேட்டு வாங்குங்கள். அதில் பொருள் என்ன என்று சொல்லும் 3-ம் பிரிவு, காற்றில் வரம்பு சொல்லும் 8-ம் பிரிவு, உருவமும் அளவும் சொல்லும் 9-ம் பிரிவு, மூன்றையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். 8-ல் நானோகுழாய்க்குப் பதில் கார்பன் பிளாக்கின் வரம்பை எழுதி வைத்திருக்கிறார்களா என்று நீங்களே பாருங்கள். ஸ்பைரோமெட்ரி ரிப்போர்ட் வந்ததும் அதோடு சேர்த்து அனுப்புங்கள். உங்கள் பையில் இருப்பது நூல்கண்டு வகையா ஊசி வகையா என்று பார்த்துவிட்டு மறுபடி எழுதுகிறேன்.